பூனை எலி என்று தலைப்பு வைக்கும் முன்: செய்தி மேசை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உதவி ஆசிரியர்களுக்கும், நள்ளிரவு வரை உட்கார்ந்து தலைப்பு எழுதுகிறவர்களுக்கும்,



நகைக்கடையில் கொள்ளையடித்தவன் மூன்று மாநிலம் சுற்றி, கடைசியில் ஒரு லாட்ஜில் பிடிபட்டால் ‘போலீசுக்குத் தண்ணி காட்டியவர் சிக்கினார்’ என்று போடுங்கள். கடன் வாங்கிவிட்டு வெளிநாடு போன தொழிலதிபர் ‘டிமிக்கி கொடுத்தார்’ என்று போடுங்கள். எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆங்கிலத்திலிருந்து வந்து நம் பக்கங்களில் குடியேறிவிட்ட ‘பூனை எலி விளையாட்டு’ என்ற தொடரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதிலும் ஒரே ஒரு வகைச் செய்தியைப் பற்றி. உண்ணாவிரதம் இருந்தவர் கைதாகிறார், உடல் மோசமானதும் விடப்படுகிறார், மறுபடி கைதாகிறார். ஜாமீன் கிடைத்தவர் சிறை வாசலிலேயே இன்னொரு வழக்கில் வண்டியில் ஏற்றப்படுகிறார். இந்த மாதிரிச் செய்திகளுக்கு மேலே அந்தத் தொடரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. ஏனென்றால், அதே பெயரில் ஒரு சட்டமே இருந்தது. அது யாரை என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் அந்த இடத்தில் ‘விளையாட்டு’ என்று எழுத மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

1909 ஜூனில் லண்டனில் ஆரம்பித்தது அந்தச் சட்டத்தின் கதை. மரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர், நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் போய், 1689ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் ஒரு வாசகத்தைச் சுவரில் முத்திரையாகக் குத்தினார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய சங்கத்தைச் சேர்ந்தவர் அவர். சிறையில் தம்மை அரசியல் கைதியாக நடத்த வேண்டும் என்றார். நடத்தவில்லை. சாப்பிட மறுத்தார். 91 மணி நேரம் கழித்து, செத்துவிடுவாரோ என்று பயந்து அரசு அவரை விட்டுவிட்டது. அடுத்து உள்ளே போன பெண்களும் இதையே செய்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பர்மிங்காம் சிறையில் அரசு குழாயைக் கையில் எடுத்தது.

குழாய் என்று ஒரே சொல்லில் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. லிட்டன் பிரபுவின் மகள் கான்ஸ்டன்ஸ் லிட்டனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1909 அக்டோபரில் நியூகாசிலில் கைதாகி அவரும் உண்ணாவிரதம் இருந்தார். மருத்துவர்கள் வந்தார்கள், இதயத்தைச் சோதித்தார்கள், பலவீனமான இதயம் என்றார்கள், இரண்டே நாளில் அனுப்பிவிட்டார்கள். அவரோடு கைதான சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்குக் குழாய். இந்த வித்தியாசம் அவரைத் தூங்கவிடவில்லை. 1910 ஜனவரியில் தலைமுடியை வெட்டிக்கொண்டு, மலிவான கோட்டும் மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஜேன் வார்ட்டன் என்ற தையல்காரியாக லிவர்பூலில் கைதானார். இந்த முறை யாரும் இதயத்தைச் சோதிக்கவில்லை. காவல் பெண்கள் கைகால்களை அமுக்கிக்கொள்ள, மருத்துவர் இரும்புக் கவ்வியால் பற்களை நெம்பித் திறந்து, தொண்டை வழியாக ரப்பர் குழாயை வயிறு வரை இறக்கினார். ஊற்றியது அத்தனையும் திரும்பி வந்தது. முதல் முறை முடிந்ததும் அந்த மருத்துவர் அவர் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். இப்படி எட்டு முறை. பிரபுவின் மகள்தான் என்று தெரியவந்ததும் கதவு திறந்துவிட்டது. 1912இல் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. சிறை அனுபவத்தை இடது கையால் எழுதி 1914இல் புத்தகமாக வெளியிட்டார். 1923இல் இறந்தார்.

லிட்டன் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு வேறொரு நினைவு வந்திருக்கும். ஆம், அவருடைய தகப்பனார்தான் 1876 முதல் 1880 வரை இங்கே வைஸ்ராய். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்து மடிந்தபோது, 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் நடத்தியவர் அவர். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டது அவருடைய ஆட்சி. அந்த வருஷங்களில் கான்ஸ்டன்ஸ் இந்தியாவில் வளர்ந்த சின்னப் பெண். இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் தமிழில் இந்தப் பெயரை எழுதுகிறவர் அந்தப் பஞ்சத்தைச் சொல்லாமல் நகர்ந்தால் அது சரியாகப் படவில்லை.

நம் கதைக்கு வருகிறேன். 1913 பிப்ரவரியில் கியூ தோட்டத்துத் தேநீர் மண்டபம் எரிந்தது. லிலியன் லென்டன் என்ற 22 வயது நடனக் கலைஞர் கைதானார். சிறையில் அவருக்குக் குழாய் போட்டபோது உணவு நுரையீரலுக்குள் போய்விட்டது. நுரையீரல் உறை வீங்கிச் சாகக் கிடந்தவரை அவசர அவசரமாக வெளியே அனுப்பினார்கள். பத்திரிகைகளில் மருத்துவர்கள் கண்டனம் எழுதினார்கள், நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மெக்கென்னாவுக்கு இரண்டு பக்கமும் இடி. குழாய் போட்டால் கொடுமை என்கிறார்கள். விட்டுவிட்டால் சட்டம் தோற்றது என்கிறார்கள். ஒரு கைதி உள்ளே இறந்துபோனால் அதைவிட மோசம்.

இதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான், 1913 ஏப்ரல் 25ஆம் தேதி மன்னரின் ஒப்புதல் பெற்ற ‘கைதிகள் (உடல்நலக் குறைவால் தற்காலிக விடுவிப்பு) சட்டம்’. ஊரே அதைப் பூனை எலிச் சட்டம் என்றது. உண்ணாவிரதம் இருக்கிறாயா, இரு. குழாய் போட மாட்டோம். உடல் விழும் நிலைக்கு வந்ததும் கதவைத் திறந்து அனுப்புவோம். கையில் ஒரு தாள் கொடுப்போம். அந்தத் தாளில் நீ திரும்பி வரவேண்டிய தேதி இருக்கும். எந்த வீட்டில் தங்குகிறாய் என்று போலீசுக்குச் சொல்ல வேண்டும். வீடு மாறுவதானால் ஒரு முழு நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருப்பதானாலும் அப்படியே. தவறினால் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம்.

இவ்வளவையும்விடக் கூர்மையான ஓர் ஏற்பாடு அதில் இருந்தது. வெளியே இருக்கும் நாட்கள் தண்டனைக் கணக்கில் சேராது. ஒரு மாதத் தண்டனை பெற்றவள் ஐந்து நாள் பட்டினி கிடந்து வெளியே வந்தால், பாக்கி இருபத்தைந்து நாள் அப்படியே நிற்கும். தேறியதும் உள்ளே. மறுபடி பட்டினி, மறுபடி வெளியே. தண்டனை முடியவே முடியாது. உடம்புதான் முடியும். உட்கார்ந்து யோசித்து, வரைவு எழுதி, இரு அவைகளிலும் நிறைவேற்றிய ஏற்பாடு இது. விடுவதுதான் இந்தச் சட்டத்தின் தண்டனை. நான் உங்களிடம் சொல்ல வந்ததில் பாதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

தப்பி ஓடியவர்களின் கதைகள் சுவையானவைதான், மறைக்கவில்லை. அந்த லிலியன் லென்டன் 1913 ஜூனில் மறுபடி கைதாகி, லீட்ஸ் சிறையில் பட்டினி கிடந்து, தாளோடு ஒரு நண்பர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வீட்டைச் சுற்றிப் போலீஸ். வாசலில் ஒரு சாமான் வண்டி வந்து நின்றது. சற்று நேரத்தில் கடைப்பையன் ஒருவன் ஆப்பிளைக் கடித்துக்கொண்டு படக்கதைப் புத்தகமும் கையுமாக வெளியே வந்து வண்டியில் ஏறிப் போனான். அந்தப் பையன்தான் லிலியன். பிறகு கடற்கரை வழியாகப் படகேறிப் பிரான்சுக்குப் போய்விட்டார்.

இயக்கத்தின் தலைவர் எம்மலின் பாங்கர்ஸ்ட்டைக் காக்கப் பெண்கள் ஒரு மெய்க்காவல் படையே வைத்திருந்தார்கள். எடித் கேரட் என்ற ஆசிரியை அவர்களுக்கு ஜுஜுட்சு கற்றுக்கொடுத்தார். அவர்கள் பாவாடைக்குள் மறைத்து எடுத்துச் சென்ற ஆயுதம் எது தெரியுமா? நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து ஆங்கிலேயர்கள் எடுத்துப்போன கர்லாக்கட்டை. 1914 மார்ச் 9ஆம் தேதி கிளாஸ்கோவில் ஒரு மண்டபத்தில் பாங்கர்ஸ்ட் பேச எழுந்ததும் போலீசார் மேடை நோக்கிப் பாய்ந்தார்கள். மேடை விளிம்பில் தொங்கிய பூச்சரங்களுக்குள் முள்கம்பி இருந்தது. கைகள் கிழிந்தன, கர்லாக்கட்டைகள் சுழன்றன, ஆனாலும் கடைசியில் அவரை இழுத்துப் போனார்கள்.

இதையெல்லாம் படித்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். அன்றைய பத்திரிகைகளும் இந்தத் துரத்தலை விரும்பி விரும்பி அச்சிட்டன. ஆனால் அந்தக் காட்சிகளுக்கு நடுவே கிடந்த வேறொன்று அவ்வளவாக அச்சேறவில்லை. பாங்கர்ஸ்ட்டுக்கு அப்போது 55 வயது. 1913 ஏப்ரலில் அவருக்கு விதித்தது மூன்றாண்டு கடுங்காவல். அடுத்த ஓராண்டுக்கு மேல் அவரைப் பிடித்தும் விட்டும் பிடித்தும், அந்த மூன்றாண்டில் கழிந்தது சில வாரங்கள் மட்டுமே. உணவோடு தண்ணீரையும் மறுப்பார். ஒவ்வொரு முறையும் தள்ளுவண்டியிலோ ஸ்ட்ரெச்சரிலோ வெளியே வருவார். 1913 ஜூன் 4ஆம் தேதி எப்சம் குதிரைப் பந்தயத்தில் மன்னரின் குதிரை முன் பாய்ந்த எமிலி டேவிசன் நான்கு நாள் கழித்து இறந்தார். 14ஆம் தேதி இறுதி ஊர்வலம். அதற்குப் போக, கறுப்பு உடையில், படுக்கையிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்த பாங்கர்ஸ்ட்டை அங்கேயே கைது செய்தார்கள். அவருக்கான வண்டி காலியாகவே சவப்பெட்டிக்குப் பின்னால் போனது. அவர் எங்கும் ஒளியவில்லை, யாருக்கும் டிமிக்கி கொடுக்கவில்லை. தோழியின் சாவுக்குப் போகக் கிளம்பினார்.

சட்டம் வந்ததும் குழாய் ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. கிட்டி மரியன் என்ற நாடக நடிகைக்கு 200 முறைக்கு மேல் குழாய் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் தொழிலுக்கு நேராகத் தொடர்புடைய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாள் கொடுத்து அனுப்பியவர்களை மறுபடி பிடிக்கப் படம் வேண்டும் அல்லவா? படமெடுக்க இந்தப் பெண்கள் முகம் காட்ட மாட்டார்கள், கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள், முகத்தைக் கோணுவார்கள். அதனால் சிறை முற்றத்தில் அவர்கள் நடக்கும்போது, மறைந்திருந்து தொலைவிலிருந்து எடுக்கும் லென்ஸ் வைத்துப் படமெடுத்தார்கள். மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் படங்களின் கண்ணாடிகளை உடைத்த எவலின் மனெஸ்டாவைப் படமெடுக்க, ஒரு காவலர் பின்னால் நின்று அவர் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்திருந்தார். காட்சிக்கூடங்களுக்கு எச்சரிக்கையாக அனுப்பிய அச்சுப் படத்தில் அந்தக் கை இல்லை. கை இருந்த இடத்தில் கழுத்துத் துணி போலத் தீட்டிவிட்டார்கள். மூலப் படமும் திருத்திய படமும் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேடிப் பாருங்கள். ‘பூனை எலி விளையாட்டு’ என்ற தலைப்பு செய்வதும் இதைத்தான் என்பது என் எண்ணம். ஓடுகிறவர் தெரிவார், அவர் கழுத்தில் இருக்கும் கை தெரியாது.

இந்தப் பெண்கள் தீ வைத்தார்கள், கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள், தபால் பெட்டிகளில் அமிலம் ஊற்றினார்கள். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. குற்றத்துக்குத் தண்டனை இருக்கலாம், நீதிமன்றம் சொன்ன அளவுக்கு. அளவே இல்லாமல் நீளும்படி ஒரு தண்டனையை மருத்துவ இரக்கத்தின் பெயரில் வடிவமைத்ததுதான் என் ஆட்சேபம். 1914 ஆகஸ்டில் போர் வந்தது, 10ஆம் தேதி எல்லோரையும் விடுவித்தார்கள். 1918இல் 30 வயதான, வீடு வாசல் உள்ள பெண்களுக்கு வாக்கு. ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் வாக்கு வர 1928 ஆனது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் பாங்கர்ஸ்ட் இறந்துவிட்டார்.

இதெல்லாம் லண்டன் கதை, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். 1933 ஆகஸ்டில் காந்தியைப் பிடித்தார்கள், எரவாடாவிலிருந்து விட்டார்கள், புனேயைத் தாண்டக் கூடாது என்ற ஆணையை மீறியதும் ஓராண்டுத் தண்டனை கொடுத்தார்கள். சிறையிலிருந்தே தீண்டாமை ஒழிப்பு வேலை செய்ய வசதி மறுக்கப்பட்டதால் அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். உடல் மோசமானதும் 23ஆம் தேதி வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுபடி சட்டத்தை மீறினால் மறுபடி கைது, மறுபடி உண்ணாவிரதம். அந்த நிலையை அவர் இதே ஆங்கிலத் தொடரால்தான் குறிப்பிட்டார், அதில் பங்கெடுக்க முடியாது என்றும் சொன்னார். தண்டனைக் காலம் முடியும் 1934 ஆகஸ்ட் வரை தம்மைக் கைதியாகவே கருதிக்கொண்டு, சட்டமறுப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, ஹரிஜன் சுற்றுப்பயணம் கிளம்பினார். 1934 ஜனவரி, பிப்ரவரியில் திருநெல்வேலி, மதுரை, கோவை என்று நம் ஊர்களுக்கு அவர் வந்தது அந்தக் கணக்கில்தான். நம்முடைய தாத்தா பாட்டிகள் பார்த்தது, தனக்குத் தானே காவல் போட்டுக்கொண்டு வந்த ஒரு கைதியை.

இன்னும் கிட்டத்தில் இருப்பது இரோம் ஷர்மிளா. 2000 நவம்பர் 2ஆம் தேதி மணிப்பூரில் மாலோம் பேருந்து நிறுத்தத்தில் அசாம் ரைபிள்ஸ் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கும்வரை சாப்பிட மாட்டேன் என்று 28 வயது ஷர்மிளா உட்கார்ந்தார். தற்கொலை முயற்சி என்று இந்தியத் தண்டனைச் சட்டம் 309இல் கைது. அந்தப் பிரிவில் அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. அதனால் என்ன நடந்தது? இம்பாலில் ஜவகர்லால் நேரு மருத்துவமனையின் ஓர் அறையைச் சிறையாக்கினார்கள். மூக்கில் குழாய் செருகி, திரவ உணவை உள்ளே இறக்கினார்கள். ஓராண்டு முடிந்ததும் விடுவித்தார்கள். வெளியே வந்தவர், அவருக்காகப் பெண்கள் தொடர் உண்ணாவிரதம் இருந்த கொட்டகையில் போய் உட்கார்ந்தார். ஓரிரு நாளில் மறுபடி கைது, மறுபடி குழாய். ஆண்டுக்கு ஒருமுறை, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். லண்டன் அரசு குழாயையும் விடுவிப்பையும் பெரும்பாலும் தனித்தனியாகப் பயன்படுத்தியது. நம்முடைய அரசு இரண்டையும் ஒரே பெண்மேல் சேர்த்துப் பயன்படுத்தியது.

2006இல் அப்படி விடுவிக்கப்பட்ட இடைவெளியில் அவர் விமானம் ஏறி டெல்லிக்கு வந்து ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார். அதையும் ‘தப்பித்தார்’ என்று சொல்ல ஆள் இருந்தது. விடுதலையான ஒரு குடிமகள் தலைநகருக்குப் பயணம் செய்தது எப்படித் தப்பித்தல் ஆகும்? 2014 ஆகஸ்டில் மணிப்பூர் அமர்வு நீதிமன்றம், அவர் சாக நினைத்ததற்குச் சான்று இல்லை என்று அவரை விடுவித்தது. இரண்டு நாளில் மறுபடி கைது செய்தார்கள். சாக விரும்பவில்லை, வாழவே விரும்புகிறேன் என்று அவர் நீதிமன்றங்களில் சொல்லிக்கொண்டே இருந்தார். 2016 ஆகஸ்ட் 9ஆம் தேதி நாக்கில் ஒரு சொட்டுத் தேன் வைத்து உண்ணாவிரதத்தை முடித்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் நின்று 90 வாக்கு வாங்கினார். அதே ஆண்டு கொடைக்கானலில் அவர் திருமணம் நடந்தது. அப்போது நம் பத்திரிகைகளில் வந்த திருமணச் செய்திகளின் நீளத்துக்கு, முந்தைய ஆண்டுகளின் மறுகைதுகள் செய்தியாக வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

309 இப்போது இல்லை. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது நீக்கப்பட்டது என்று நாம் எல்லோரும் எழுதினோம், வரவேற்றோம். ஆனால் அதே சட்டத்தில் 226ஆம் பிரிவு இருக்கிறது. அரசு ஊழியரை அவருடைய கடமை தொடர்பாகக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்கிறது அது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. மனம் உடைந்து சாக முயன்றவரை விட்டுவிட்டு, அரசிடம் ஒன்றைக் கேட்டுப் பட்டினி கிடக்கிறவரை நோக்கி இந்தப் பிரிவைத் திருப்பலாம். உண்ணாவிரதம் தற்கொலை முயற்சி ஆகுமா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். ஆகும் என்று போலீஸ் நினைத்தால் அதே ஓராண்டு வரம்பு, அதே மறுகைது, எல்லாம் கையருகில் இருக்கிறது. தூத்துக்குடியிலோ பரந்தூரிலோ ஏதோ ஒரு கிராமத்துச் சாவடியிலோ யாராவது உண்ணாவிரதப் பந்தல் போட்டால் இந்தப் பிரிவு வர வாய்ப்பிருக்கிறது என்பதை உங்கள் நிருபர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மருத்துவமனைக்கு மாற்றினார்கள், ஜாமீனில் விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள் என்று ஒரு செய்தி இரவு பதினோரு மணிக்கு உங்கள் மேசைக்கு வரும். பக்கம் மூடும் அவசரம் எனக்குத் தெரியும், அந்த அவசரத்தில்தான் பூனையும் எலியும் கைக்கு வருகின்றன. அந்த நேரத்தில் மாவட்ட நிருபருக்கு ஒரு போன் போடுங்கள். என்ன நிபந்தனையில் விட்டார்கள், எங்கே தங்க வேண்டும், தினமும் எந்த ஸ்டேஷனில் கையெழுத்து, திரும்பி வரத் தேதி ஏதாவது உண்டா, இரண்டாவது கைது எந்த எஃப்ஐஆரில், அந்த எஃப்ஐஆர் எந்தத் தேதியில் பதிவானது என்று கேளுங்கள். முதல் ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே இரண்டாவது வழக்கு பதிவாகியிருந்தால் அந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்துப் போடுங்கள். வேறு விளக்கமே தேவைப்படாது. குண்டர் சட்டத்தில் வைத்தவரை உயர் நீதிமன்றம் விடுவித்த பிறகு மறுபடி அதே சட்டத்தில் வைத்திருந்தால், முதல் உத்தரவை நீதிமன்றம் ஏன் ரத்து செய்தது என்பதற்கு இரண்டு வரி ஒதுக்குங்கள். தலைப்பில் ‘மீண்டும் கைது’ என்று இருந்தால் போதும். எத்தனையாவது முறை என்ற எண்ணையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

இந்த விவரங்கள் எல்லாம் உத்தரவு நகலிலேயே இருக்கும். பெரும்பாலும் இரண்டு பக்கம்தான். வாட்ஸ்அப்பில் வாங்கிப் படித்துவிட்டுப் பக்கத்தை மூடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கங்களைத் தினமும் படிக்கும் ஒரு வாசகி